குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பார்வைக் கவனம்

மூன்றாம் வகுப்பில் ஒரு குழந்தையை நினைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக் குழு, பார்வையில் குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. எழுத்து அட்டையைத் தனியாகக் காட்டினால் கடைசி வரிவரை வாசிக்கிறது. ஆனால் படங்கள் நிறைந்த பாடநூல் பக்கத்தில் 'மூன்றாவது கேள்வியைப் பார்' என்றால் அதன் விரல் பக்கம் முழுவதும் அலைகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போகிறது. கூட்டல் கணக்கில் பத்தின் இடத்து எண் ஒன்றின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சேட்டை எதுவும் கிடையாது. அமைதியாக இருக்கிறது, கேட்டால் விழிக்கிறது. 'கவனமில்லாத பிள்ளை' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று பள்ளியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் பிறந்த தேதி இருக்கும். கருவில் எத்தனை வாரம் இருந்தது என்பது இருக்காது. அந்த ஒரு தகவல் சில குழந்தைகளின் விஷயத்தில் நம் முடிவையே மாற்றக்கூடியது. ஏன் என்பதை அறிய, பள்ளிக்கு வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கண்களிலிருந்து தொடங்க வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் கேட்பது எப்படி?

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் முகத்துக்கு மேலே படங்களைக் காட்டி, சிறு துளை வழியாக அதன் கண்மணியைக் கவனித்தார். எந்தப் படம் கண்மணியில் பிரதிபலிக்கிறதோ, அதைத்தான் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டால் போதும். 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவை பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகள். வெறும் வண்ண வட்டங்களைவிட, முகம் வரைந்த வட்டத்தையும், வளையங்கள் கொண்ட வட்டத்தையும், செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய அச்செழுத்துகளையும் அவை அதிக நேரம் பார்த்தன. அச்செழுத்தில் குழந்தைகள் கண்டது வாசிப்பை அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் அமைப்புதான் அவற்றை ஈர்த்தது.

அடுத்த ஆண்டு அவர் கவனித்த இன்னொன்று, நம் தலைப்புக்கு இதைவிட முக்கியமானது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அதைப் பார்க்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. புதிய படம் வந்ததும் கண் அதன் பக்கம் திரும்பியது. பழையதைப் பழையது என்று அறிந்தால்தானே அது சலிக்கும்? ஆகவே, குழந்தைக்கு எவ்வளவு விரைவில் ஒரு படம் சலிக்கிறது என்பதே, அது எவ்வளவு விரைவில் அந்தப் படத்தை உள்வாங்கிக்கொண்டது என்பதற்கான அளவுகோல் ஆனது. வகுப்பறையில் நாம் சலிப்பைக் குறையாகக் காண்கிறோம். ஆய்வகத்தில் அது கற்றல் நடந்ததற்கான அடையாளம்.

நிறைமாதக் குழந்தையின் முதல் ஆண்டு

நாற்பது வாரம் கருவில் இருந்து பிறந்த குழந்தையின் பார்வைக் கூர்மை, பெரியவர்களுடையதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பது அதற்கு ஓரளவு புலப்படும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவும் அதுவே. இந்த நிலையிலும் முகம் போன்ற அமைப்பை அது விரும்புகிறது. பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள்கூட, மெதுவாக நகர்த்தப்படும் முக வடிவத்தைக் கண்ணாலும் தலையாலும் தொடர்ந்ததை 1975இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஒரு மாதக் குழந்தை முகத்தைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஓரத்தைத்தான் பார்க்கிறது. முடியும் நெற்றியும் சந்திக்கும் கோடு, தாடையின் விளிம்பு ஆகியவற்றில்தான் கண் நிற்கும். இரண்டு மாதம் ஆகும்போது பார்வை உள்ளே வந்து, கண்ணிலும் வாயிலும் தங்கத் தொடங்குகிறது. 'இப்போதுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்' என்று தாய் சொல்வது இந்த வாரங்களில்தான்.

இதே காலத்தில் வேறொரு விசித்திரமும் உண்டு. குழந்தை ஓடும் மின்விசிறியையோ ஜன்னல் கம்பியையோ பார்த்தால், பார்த்தபடியே இருக்கும். கூப்பிட்டாலும் கண்ணை எடுக்காது. சில சமயம் பார்த்துக்கொண்டே அழவும் செய்யும். ஆய்வாளர்கள் இதை ஒட்டிக்கொண்ட பார்வை என்பார்கள். ஒன்றின் மீது கண்ணைக் கொண்டுபோய் வைக்கும் வேலையை நடுமூளையே செய்துவிடும். அதிலிருந்து கண்ணை விடுவித்து வேறொன்றுக்குக் கொண்டுபோவதற்குப் பெருமூளையின் புறணி முதிர வேண்டும். அந்த முதிர்ச்சி மூன்று, நான்கு மாதங்களில் வருகிறது. அதன் பிறகு குழந்தை பொருளுக்குப் பொருள் கண்ணை மாற்றும். ஒன்றை அது ஒரு தடவை பார்க்கும் நேரமும் ஆறு மாதம்வரை குறைந்துகொண்டே போகும். நீண்ட நேரம் வெறித்துப் பார்ப்பதைவிட, குறுகிய பார்வைகளாகப் பல இடங்களைப் பார்க்கும் குழந்தையே பெரும்பாலும் விரைவாக உள்வாங்குகிறது என்பது ஜான் கொலம்போ உள்ளிட்டோரின் ஆய்வுகளில் தெரிந்தது. 'கண் கொட்டாமல் பார்க்கிறது, எவ்வளவு கவனம்!' என்ற நம் வியப்புக்கு இது சற்று எதிரானது.

ஆறு மாதத்துக்குப் பிறகு கதை திரும்புகிறது. எளிய படங்களை விரைவில் விட்டுவிடும் குழந்தை, முகங்களையும் அசையும் காட்சிகளையும் அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. இப்போது கண்ணைப் பிடித்து வைத்திருப்பது பொருளின் பளபளப்பு மட்டுமல்ல, குழந்தையின் சொந்த நாட்டமும்கூட. மைக்கேல் போஸ்னர் கவனத்தை மூன்று வலைப்பின்னல்களாகப் பிரித்தார். விழிப்போடு இருப்பது ஒன்று, தேவையானதன் பக்கம் திரும்புவது இரண்டாவது, குறுக்கே வருவதை விலக்கித் தானே வழிநடத்துவது மூன்றாவது. முதல் இரண்டும் தொட்டிலிலேயே உருவாகின்றன. மூன்றாவது முதல் ஆண்டின் இறுதியில் முளைவிட்டு, பள்ளிப் பருவம் முழுவதும் வளர்கிறது. நம்மிடம் வந்து சேர்வது அந்த வளர்ச்சியின் நடுப்பகுதி.

கருப்பையில் கழியாத வாரங்கள்

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 28 வாரத்துக்கு முன் என்றால் மிக மிகக் குறைமாதம், 28 முதல் 32 வரை மிகக் குறைமாதம், 32 முதல் 37 வரை மிதமான குறைமாதம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 2020இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பத்தில் ஒன்று என்று சொல்லலாம். அவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். முன்பு பிழைத்திருக்க முடியாத குழந்தைகள் இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளால் பிழைத்து வீட்டுக்கு வருகின்றன, பிறகு நம் வகுப்புக்கும் வருகின்றன. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மூன்று பேர் இப்படி இருந்தால் வியப்பில்லை. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஊரில் சொல்வதுண்டு. மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் கிடையாது. கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

அந்தக் கடைசி வாரங்களில் என்ன நடக்கிறது? ஒட்டியிருக்கும் கண்ணிமைகள் பிரிவது 26ஆவது வாரத்தை ஒட்டி. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மையத்திலிருந்து வளர்ந்து ஓரத்தைத் தொடுவது 36 முதல் 40 வாரங்களில். 34ஆவது வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருள் நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் 24 முதல் 32 வாரம்வரை மிகவும் மென்மையானவை. ரத்த ஓட்டமோ ஆக்சிஜனோ சற்றுக் குறைந்தாலும், தொற்று ஏற்பட்டாலும் அவை பாதிக்கப்படும். பார்வைச் செய்தியைப் பின்மூளைக்குக் கொண்டுபோகும் இழைகளும் கால்களை இயக்கும் இழைகளும் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளின் ஓரமாகவே செல்கின்றன. பாதிப்பு அதிகம் விழும் இடமும் அதுவே. குறைமாதத்தில் பிறந்து, கால்கள் இறுகி, முன்காலில் ஊன்றி நடக்கும் மாணவர் உங்கள் பள்ளியில் இருந்தால், அவருடைய பார்வைக் கவனத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

விழித்திரைப் பாதிப்பு தனி விஷயம். ரத்தக் குழாய்கள் முழுமை பெறாத விழித்திரையில் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். 1940களிலும் 50களிலும் கண்ணாடிப் பெட்டியில் கட்டுப்பாடின்றி ஆக்சிஜன் கொடுக்கப்பட்டபோது பல குழந்தைகள் பார்வை இழந்தனர். 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். இந்தியாவில் 2000 கிராமுக்குக் குறைவான எடையோடு அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. நேரத்தில் கண்டால் சிகிச்சை உண்டு. உங்கள் சொந்தக்காரர் வீட்டில் அப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், 'கண்ணைக் காட்டியாச்சா?' என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு கடிகாரங்கள்

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை எப்படிக் கணக்கிடுவது? பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தாலும், அது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் இரண்டு மாதம்தான். இதைத் திருத்திய வயது என்கிறோம். மருத்துவர்கள் பொதுவாக இரண்டு வயதுவரை இப்படித்தான் எண்ணுவார்கள். அந்தக் குழந்தை நான்கு மாதத்தில் கண்ணை எளிதாக மாற்றவில்லை என்றால் அது தாமதமே இல்லை. அதன் மூளைக்கு இப்போதுதான் ஒட்டிக்கொண்ட பார்வையின் பருவம்.

ஆனால் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. இரண்டு கண்ணின் காட்சிகளையும் மூளை இணைத்து ஒன்றாகக் காணும் திறன், கருவுற்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறதா, பிறந்த நாளிலிருந்தா என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு வியப்பானது. குறைமாதக் குழந்தைகளும் நிறைமாதக் குழந்தைகளும் பிறந்து ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான மாதங்களில் அந்தத் திறனைப் பெற்றன. உலகைப் பார்த்த அனுபவமே அங்கே கணக்கு. ஆனால் ஒளிச்செய்தி மூளையை அடையும் வேகம் கருவுற்ற நாளிலிருந்தே எண்ணியபடி முதிர்ந்தது. 2014இல் சிலி நாட்டிலிருந்து மார்செலா பென்யாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது இன்னொரு சான்று. எதிரே இருப்பவர் கண்ணைத் திருப்பும் பக்கம் தானும் திரும்பும் திறன், நலமாக இருந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் திருத்திய வயதில் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே வந்தது. மனித முகங்களோடு பழகிய நாள்கள் அதிகம் அல்லவா? கங்காரு முறையில் மார்போடு அணைத்து வைப்பதையும், முகம் பார்த்துப் பேசுவதையும் வெறும் பாசம் என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை என்று நான் கருதுவதற்கு இத்தகைய முடிவுகளே காரணம்.

அப்படியானால் குறைமாதக் குழந்தைகள் எல்லாவற்றிலும் எட்டிப் பிடித்துவிடுகிறார்களா? இங்கேதான் நியூயார்க்கில் சூசன் ரோஸ், ஜூடித் ஃபெல்ட்மன், ஜெஃப்ரி ஜான்கோவ்ஸ்கி மூவரும் நடத்திய நீண்ட ஆய்வு முக்கியமாகிறது. 1750 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளையும் நிறைமாதக் குழந்தைகளையும் 5, 7, 12 மாதங்களில் சோதித்தார்கள். இரண்டு முகப்படங்கள் பக்கம் பக்கமாகக் காட்டப்படும். ஒரு முகம் ஒவ்வொரு முறையும் அதுவே, மற்றது மாறிக்கொண்டே இருக்கும். மாறாத முகம் மனத்தில் பதிந்துவிட்டால், குழந்தை தொடர்ந்து புதிய முகத்தையே பார்க்கும். அதுவரை சோதனை தொடரும். 2002இல் வெளியான முடிவின்படி, மூன்று வயதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு அதிக முறைகளும் 30 விழுக்காடு அதிக நேரமும் தேவைப்பட்டன. பிறந்தபோது மூச்சுத்திணறல் போன்ற சிக்கல்கள் அதிகம் இருந்தவர்களிடம் வேகம் இன்னும் குறைவு. இரு குழுக்களும் வளர்ந்தன, ஒரே மாதிரிதான் வளர்ந்தன. ஆனால் இடைவெளி மூடவில்லை. இதே குழந்தைகளைப் பதினொரு வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது, கைக்குழந்தைப் பருவத்தின் கவனமும் வேகமும் பிற்காலத்து அறிவுத்திறன் மதிப்பெண்ணோடு தொடர்புடையதாக இருந்தன.

இந்த 30 விழுக்காட்டை ஒரு கணம் நம் கால அட்டவணையோடு வைத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் பத்து நிமிடம் என்று நாம் வைக்கும் வேலை, இப்படிப்பட்ட ஒரு மாணவருக்குப் பதின்மூன்று நிமிட வேலையாக இருக்கலாம். கைக்குழந்தைகளின் எண்ணை அப்படியே எட்டு வயதுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் கற்க முடியாமை வேறு, கற்க அதிக நேரம் வேண்டும் என்பது வேறு என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

பள்ளி வயதில்

பார்வைச் செய்தி பின்மூளையிலிருந்து இரண்டு பாதைகளில் பிரிகிறது. கீழ்ப்பாதை 'இது என்ன' என்று அறியும். மேற்பாதை 'இது எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, என் கை எப்படிப் போக வேண்டும்' என்று அறியும். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து கவனிப்பதும் மேற்பாதையின் பொறுப்பு. குறைமாதப் பிறப்பு உள்ளிட்ட பல நிலைகளில் மேற்பாதை எளிதில் பாதிக்கப்படுவதை ஆலிவர் பிராடிக், ஜேனட் அட்கின்சன் ஆகியோர் எடுத்துக்காட்டினார்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் கார்டன் டட்டன் இத்தகைய குழந்தைகளின் அன்றாடத்தை விவரித்திருக்கிறார். பொம்மைக் கூடையில் தனக்குப் பிடித்த பொம்மையைக் கண்டெடுக்க முடியாது. கூட்டத்தில் அம்மாவைத் தேடும். படி இறங்கும்போது காலால் தடவும். அதே குழந்தை எழுத்து அட்டையில் 6/6 வாசிக்கும். அட்டை சோதிப்பது கீழ்ப்பாதையின் வேலையை, அதுவும் அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரே எழுத்தை. நம் வகுப்பறை கேட்பதோ மேற்பாதையின் வேலையை.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995இல் 26 வாரத்துக்கு முன் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த எபிக்யூர் ஆய்வில், பதினோராம் வயதில் 11.5 விழுக்காட்டினரிடம் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த வகுப்புத் தோழர்களிடம் 2.9 விழுக்காடு. பெயரில் மிகையியக்கம் இருந்தாலும், குறைமாதக் குழந்தைகளிடம் மேலோங்கியது அமைதியான கவனக்குறைவு. மேசை மீது ஏறிக் குதிக்கும் மாணவரை நாம் அன்றே கவனித்துவிடுகிறோம். ஜன்னலோரத்தில் சத்தமின்றிப் பின்தங்கும் மாணவர் இரண்டு ஆண்டுகள் கழித்தே நம் கண்ணில் படுகிறார்.

கணிதம் தனியாகச் சொல்லத்தக்கது. மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கணக்கில் வரும் தடுமாற்றம், எண் பற்றிய உணர்வு இல்லாததால் வருவதைவிட, இடஞ்சார் பார்வைத்திறனும் செயல்நினைவும் போதாமையால் வருவது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். 37ஐயும் 25ஐயும் வாயால் கூட்டச் சொன்னால் சரியாகச் சொல்லி, நோட்டில் தவறாகப் போடும் மாணவரிடம் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும்.

அதே ஆண்டு, அங்குள்ள ஆசிரியர்களிடம் குறைமாதப் பிறப்பின் நீண்டகால விளைவுகள் பற்றிக் கேட்டபோது, பெரும்பாலானோர் அது குறித்துப் பயிற்சியே பெற்றதில்லை என்று தெரியவந்தது. நம் நிலையும் வேறாக இருக்காது என்றே எண்ணுகிறேன்.

கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை நாம் மிக எளிய வேலை என்று எண்ணுகிறோம். அதைப் பிரித்துப் பாருங்கள். பலகையில் சரியான வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சொல்லை மனத்தில் பிடிக்க வேண்டும். கண்ணை அங்கிருந்து விடுவித்து நோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நோட்டில் விட்ட இடத்தைத் தேட வேண்டும். எழுத வேண்டும். மீண்டும் பலகையில் விட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஆறு சொல் கொண்ட ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக எழுதினாலும் பன்னிரண்டு முறை கண் இடம் மாறுகிறது. தமிழில் சொற்கள் நீளமானவை. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் மட்டும் பதினான்கு எழுத்துகள். இதை ஒரே மூச்சில் பிடிக்க முடியாத மாணவர் இரண்டிரண்டு எழுத்தாகப் பார்த்து எழுதுவார், ஒரே சொல்லுக்குப் பதினான்கு முறை கண் மாறும். கொம்பு எழுத்துகளில் கொம்பை ஒரு தடவையும் மெய்யை மறு தடவையும் பார்த்தால் 'கொ' என்பது 'கெ' ஆகிவிடும். கண்ணை விடுவிப்பதிலும் இடத்தைத் தேடுவதிலும் சற்றே மெதுவான குழந்தைக்கு, மற்றவர்கள் எழுதி முடிக்கும்போது பாதிதான் ஆகியிருக்கும். அதன் பிறகு நாம் பலகையை அழிக்கிறோம்.

எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதி மேசையின் மேலேயே வைத்துவிட்டால் கண் போக வேண்டிய தூரம் சாண் அளவுக்குக் குறையும். பலகையிலேயே எழுதுவதானால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண்ணோ வண்ணப் புள்ளியோ இடலாம். பழைய பாடத்தின் மிச்சத்தை முழுவதும் அழித்துவிட்டு எழுதலாம். பயிற்சி நூலின் பக்கத்தை நடுவில் மடித்தால் பாதிப் படங்கள் மறைந்துவிடும். ஒரு கெட்டியான அட்டையில் வரியின் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தால், வாசிக்கும் வரி மட்டும் தெரியும். கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எண். முதலில் பெயர் சொல்லி அழைத்து, குழந்தை திரும்பிய பிறகு காட்டி, காட்டிய பிறகு பேசுவது. மூன்றையும் ஒரே சமயத்தில் செய்தால் ஒன்று விடுபடும். இவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை, மற்ற குழந்தைகளுக்கும் இவற்றால் இடைஞ்சல் இல்லை.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பறை வண்ணமயமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பார்வையிட வருபவர்களும் பாராட்டுவார்கள். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், படங்கள் நிறைந்த வகுப்பறையில் குழந்தைகள் 38.6 விழுக்காடு நேரம் பாடத்தை விட்டு விலகியிருந்தனர். சுவர் வெறுமையாக இருந்தபோது அது 28.4 விழுக்காடு. கற்றதும் அங்கே அதிகம். அவர்கள் குறைமாதக் குழந்தைகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சாதாரணக் குழந்தைகள். படங்களை எடுத்துவிடத் தேவையில்லை. பலகை இருக்கும் முன்சுவரை மட்டும் காலியாக விட்டு, மற்றவற்றைப் பக்கச் சுவர்களுக்கும் பின்சுவருக்கும் மாற்றலாம்.

பெற்றோரிடம் கேட்பது

'குறைமாதமா?' என்று நேரடியாகக் கேட்டால் பல தாய்மார்கள் தம்மைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். குறைமாதப் பிறப்புக்குத் தாயின் கவனக்குறைவு காரணம் என்ற பேச்சைக் குடும்பத்தில் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, 'பிறந்தப்ப எத்தனை கிலோம்மா இருந்தான்? கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்களா?' என்று இயல்பாகக் கேட்டால் முழுக் கதையும் வந்துவிடும். தாய் சேய் நல அட்டையையோ மருத்துவமனை கொடுத்த சீட்டையோ பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதில் வாரமும் எடையும் இருக்கும்.

தகவல் கிடைத்தால் ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் அதைத் தனியே சொல்லுங்கள். 'அட்டை வாசிக்கிறான், ஆனால் நெரிசலான பக்கத்தில் தேட முடியவில்லை, படியில் தடுமாறுகிறான்' என்று நீங்கள் கண்டதைச் சொன்னால், குழந்தையை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவது அவர்களுக்கு எளிது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் உதவுவார். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், முழுமையான கண் பரிசோதனையும் தேவை.

ஒரு எச்சரிக்கை. குறைமாதம் என்று தெரிந்ததும் அந்தக் குழந்தையால் இவ்வளவுதான் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்னவை எல்லாம் குழுக்களின் சராசரி. மிதமான குறைமாதத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைக்கும் வேலையும் வேண்டாம். தெரிந்துகொண்டது ஆசிரியரின் நினைவில் இருந்தால் போதும்.

சேர்க்கை மாதத்தில் மட்டும் இன்னொரு கணக்கும் தேவைப்படும். அக்டோபர் முதல் வாரத்தில் பிறந்திருக்க வேண்டிய குழந்தை மூன்று மாதம் முன்னதாக ஜூலை முதல் வாரத்தில் பிறந்துவிடுகிறது. ஜூலை 31 என்ற வரம்புக்குள் வந்துவிடுவதால், அது தன் உரிய காலத்தில் பிறந்திருந்தால் சேர்ந்திருக்கும் வகுப்புக்கு ஓராண்டு முன்னால் முதல் வகுப்பில் வந்து உட்காருகிறது. ஏற்கெனவே மெதுவாக முதிரும் கவனத்தோடு, வகுப்பிலேயே இளைய குழந்தையாகவும் அது இருக்கிறது. அந்த மாதங்களில் பிறந்த குழந்தையோடு வரும் பெற்றோரிடம், எடையையும் வாரத்தையும் சேர்க்கை நாளன்றே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. குறைமாதம் என்று தெரிந்தால், முதல் பருவத்தில் அந்தக் குழந்தையின் எழுத்து வேகத்தை மற்றவர்களோடு ஒப்பிடாமல், ஜூனில் எழுதிய பக்கத்தையும் செப்டம்பரில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.